வாண்டா மேசையிலிருந்து இறக்கப்பட்ட செடி

பழிவாங்குவதற்காகத் தாவரவியல் படித்தவர்கள் கொல்கத்தாவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. நான் ஒருவன் இருக்கிறேன். நாற்பத்தொன்பது வயதில், மூக்குக் கண்ணாடியை மாற்றச் சொல்லி மருத்துவர் இரண்டு முறை எச்சரித்த பிறகும், ஆர்கிட் செடிகளின் குடும்ப விவகாரங்களைக் கரைத்துக் குடித்தேன். அறிவுத் தாகம் என்று யாராவது பாராட்டினால் அடக்கமாகக் கேட்டுக்கொள்வேன். உண்மை வேறு. ஒரு மனிதரை ஒரு ஹால் நிறைய ஜனங்களுக்கு முன்னால் தலைகுனிய வைக்க வேண்டியிருந்தது. அதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடைக்கவில்லை.

அந்த மனிதரைக் குடியிருப்பில் எல்லோரும் ஜேட்டு என்பார்கள். பெரியப்பா என்று பொருள். நியூ டவுனில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஐந்து கோபுரங்கள். ஐந்திலும் சேர்த்து அவர் ஒருவர்தான் பெரியப்பா. கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் ஒரு சின்னப் பூதக்கண்ணாடி கயிற்றில் தொங்கும். சட்டைப் பையில் எப்போதும் பென்சில் இருக்கும். மையில் எழுதினால் மழையில் கரைந்துவிடும் என்பது அவர் கட்சி. ஒவ்வொரு வருடமும் பொய்லா பொய்ஷாக் அன்று, அதாவது வங்காளப் புத்தாண்டன்று, எங்கள் பொது ஹாலில் நடக்கும் ஆர்கிட் கண்காட்சிக்கு அவர்தான் செயலாளர், நடுவர் குழுத் தலைவர், அறிவிப்பாளர். போட்டியாளரும் அவரேதான். இதை யாரும் விசித்திரமாக நினைத்ததில்லை.

என் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகர்கோவில் பக்கம் என் மனைவியின் அக்கா வீட்டு வேலியோரம் ஒரு கொல்லாமரம், அதாவது முந்திரி, நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு செடி ஏறியிருந்தது. நீட்டிய குச்சியின் நுனியில் பொன்மஞ்சள் பூக்கள், ஒன்று வாட அடுத்தது மலரும். அதற்கு அங்கே பெயர் கிடையாது. "அது சும்மா கெடக்கு" என்றுதான் மைத்துனி சொன்னாள். சும்மா கிடந்ததில் ஒரு துண்டை வேரோடு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, பிளாஸ்டிக் வாளியில் வைத்துக் கொடுத்தாள். ஹவுரா வரும் ரயிலில் கீழ் பெர்த்தில் அது வந்தது. நான் மேல் பெர்த்தில் வந்தேன்.

வீட்டில் இருந்த பழைய புத்தகத்தில் தேடினால் படத்தோடு அகப்பட்டது: வாண்டா ஸ்பாத்துலாட்டா. எனக்குத் தலைகால் புரியவில்லை. வாண்டா என்றால் சாதாரணப் பேரினமா? மண்ணை நம்பாத செடி அது. மரத்தில் தொற்றிக்கொண்டு ஒற்றைத் தண்டாக மேலே மேலே போய்க்கொண்டே இருக்கும். வேர்கள் வெட்டிவிட்ட கேபிள் ஒயர் போலக் காற்றில் தொங்கும். மரத்திடம் சாப்பாடு கேட்காது, நிற்க இடம் மட்டும் கேட்கும். வேலைக்காக ஊரை விட்டு வந்து இருபது வருடம் வாடகை வீடுகளில் தொங்கியவனுக்கு அப்படிப்பட்ட செடியின் மேல் பாசம் வருவது இயல்பு. இமயமலை அடிவாரத்திலும் வங்காளத்திலும் நம் பக்கத்துக் காடுகளிலும் இலங்கையிலும் அந்தப் பேரினம் இருக்கிறது. பர்மா, தாய்லாந்து, தென்சீனம், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியத் தீவுகள் எல்லாம் தாண்டி ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரம் வரை போயிருக்கிறது, யாரிடமும் விசா கேட்காமல். பெயர் வடமொழி. வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரை முதலில் சூட்டியது வங்காளத்திலிருந்து போன ஒரு செடிக்கு. இதைச் சொல்லும்போது எந்த வங்காளியின் நெஞ்சும் ஓர் அங்குலம் விரியும்.

பால்கனியில் மரச்சட்டக் கூடையில் கரித்துண்டும் தேங்காய் மட்டையும் போட்டு வளர்த்தேன். கொல்கத்தாவின் புழுக்கத்தில் நான் உருகினேன், அது தழைத்தது. மூன்றாம் வருடம் சித்திரைக்கு முன்னாலேயே நாலைந்து குச்சிகளில் ஒன்பது பூ. கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். நான் ஒரு மென்பொருள் கம்பெனியில் கையேடு எழுதுகிறவன். பெயர்ச்சீட்டு அச்சடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. 'வாண்டா ஸ்பாத்துலாட்டா, தென்னிந்தியா' என்று சாய்வெழுத்தில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வாண்டா மேசையின் நடுவில் வைத்தேன். அந்த மேசையில் கத்தரிப்பூ நிறத்தில், நீலத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கலப்பினங்கள் நின்றன. என்னுடையது சின்னப் பூதான். ஆனால் நிஜமான காட்டுப் பூ. பெருமையோடு பக்கத்திலேயே நின்றேன்.

ஜேட்டு மேசை மேசையாக வந்தார். கையில் மைக். என் செடியின் முன்னால் நின்றார், குனிந்தார், பூதக்கண்ணாடியைப் பூவுக்குள்ளேயே விட்டார். ஒரு நிமிடம் நிமிரவில்லை. பாராட்டப்போகிறார் என்று நினைத்து நான் முகத்தை அடக்கமாக மாற்றிக்கொண்டேன்.

"இது வாண்டா இல்லையே," என்றார் மைக்கில். வங்காளமும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார், தமிழில் தருகிறேன். "இதை வாண்டாவிலேருந்து எடுத்துத் தனியா வச்சு ரொம்ப நாளாச்சு. இப்ப பேரு டாப்ரோபேனியா. அந்தப் பேரினத்துல இது ஒண்ணுதான், ஒத்தை ஆள். இலங்கையோட பழைய பேர்லேருந்து வச்சிருக்காங்க. யாரோடது இது?"

"என்னுதுதான்," என்றேன். மைக் இல்லாமலே அது ஹால் முழுவதும் கேட்டது.

"எடுங்க மொஷாய், எடுங்க. 'மற்றவை' மேசை அந்தப் பக்கம் இருக்கு."

மொஷாய், அதாவது ஐயா, என்று மரியாதையாகவே சொல்லிக்கொண்டு, என் பெயர்ச்சீட்டைக் கூடையிலிருந்து அவரே பிடுங்கி என் கையில் கொடுத்தார். யாரோ சிரித்தார்கள். சிரித்தது ஒரே ஒருவர்தான் என்று என் மகள் இன்றுவரை சாதிக்கிறாள். எனக்கு எண்பது பேர் சிரித்ததாகத்தான் ஞாபகம். கூடையைத் தூக்கிக்கொண்டு, தொங்கும் வேர்கள் முழங்காலில் அடிக்க, ஹாலின் நீளம் முழுக்க நடந்தேன். 'மற்றவை' மேசையில் ஒரு கள்ளிச்செடி, பாட்டிலில் வளர்த்த மணிபிளான்ட், அப்புறம் ஐந்தாம் கோபுரத்து இரண்டாம் வகுப்புக் குழந்தை தேங்காய்ச் சிரட்டையில் முளைக்கவைத்த கொண்டைக்கடலை. சிரட்டைக்கு மீசை வரைந்திருந்தார்கள்.

முதல் பரிசு கொண்டைக்கடலைக்குப் போனது. எனக்கு ஆறுதல் பரிசாக ஒரு பெட்டி சந்தேஷ், வங்காளத்துப் பால் இனிப்பு. சந்தேஷ் மிக நன்றாக இருந்தது. அதனால் என் கோபம் குறைந்தது என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "என்னங்க, மொகம் இப்பிடி இருக்கு?"

சொன்னேன்.

"சரி, அவரு வாத்தியாரு. தப்பா இருந்தா தப்புன்னுதானே சொல்லுவாரு?"

"மைக்குல சொல்லணுமா?"

"மைக்கு கையில இருந்தா எல்லாரும் அதுலதான் பேசுவாங்க."

இப்படிப்பட்ட நியாயங்களைக் கேட்டுக்கொண்டு ஒரு வஞ்சத்தை வளர்ப்பது சுலபமில்லை. ஆனாலும் வளர்த்தேன்.

அவர் சொன்னது தவறு என்று நிரூபிப்பதுதான் முதல் திட்டம். இரண்டு வாரம் படித்தேன். அவர் சொன்னது சரி. பூவின் நடுவே உதடு போல நீட்டியிருக்கிற இதழின் அமைப்பு மற்ற வாண்டாக்களோடு சேரவில்லையாம். மரபணுவும் ஒத்துவரவில்லையாம். தென்னிந்தியாவும் இலங்கையும் மட்டுமே அதன் இயற்கை எல்லை. உலகத்தில் வேறெங்கும் தானாக வளராது. தனிப் பேரினம், ஒரே ஓர் உறுப்பினர். எதிரி அநியாயம் செய்தால் ஓரளவுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். எதிரி சரியாகச் சொல்லிவிட்டால் எப்படிப் பொறுப்பது? அன்றைக்குத்தான் என் கோபம் முழு வளர்ச்சி அடைந்தது.

மேலும் படித்தேன். வகைப்பாட்டு உலகம் நம் சொந்தக்காரர்கள் கூடும் கல்யாண வீடு மாதிரிதான். யாரை யார் பந்தியில் சேர்ப்பது, யாரைத் தள்ளிவைப்பது என்று ஓயாத சண்டை. வாண்டாவாகவே நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்த பென்சில் இலைச் செடி ஒன்றை, அஸ்ஸாம் பக்கம் வேலியெல்லாம் வளர்கிறதே அதை, ஒரு நாள் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதன் பெயர் இப்போது பாப்பிலியோனாந்தே. இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போது நான் விளக்கிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். வங்காளத்தில் யோசித்துத் தமிழில் பேசுகிறவள் அவள்.

"பாபா, ஒரு கொஸ்டின். இது ஒரு செடி. அதுக்கு இன்சல்ட் ஆச்சா, உனக்கு ஆச்சா?"

"ரெண்டு பேருக்கும்."

"செடி உன்கிட்ட சொல்லிச்சா?"

அலமாரியிலிருந்து அடுத்த புத்தகத்தை எடுத்தேன்.

ஆகஸ்ட் மாதத்தில் ஆயுதம் கிடைத்தது. வெளியே விடாமல் மழை. பேருந்து ஓடவில்லை என்று வீட்டிலிருந்தே வேலை. கம்பெனிக் கையேட்டின் நடுவே ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைத் திறந்து வைத்திருந்தேன். சிலவற்றை வாண்டாவிலிருந்து வெளியேற்றியவர்கள், வேறு சிலவற்றை உள்ளேயும் சேர்த்திருந்தார்கள். அப்படிச் சேர்க்கப்பட்டதில் ஒன்று ஆஸ்கோசென்ட்ரம். அந்தப் பேரினமே இப்போது கிடையாது. மொத்தமாக வாண்டாவுக்குள் கரைந்துவிட்டது.

நாற்காலியிலிருந்து எழுந்து நின்றேன். ஏனென்றால், ஜேட்டுவின் உயிர் ஒரு ஆஸ்கோசென்ட்ரத்தில்தான் இருந்தது. கலிம்போங்கிலிருந்து கொண்டுவந்த செடி, குட்டையானது, சித்திரையில் ரோஜா நிறத்தில் சரம் சரமாகப் பூத்து நிற்கும். நேபாளம், பூட்டான், அஸ்ஸாம் தொடங்கித் தாய்லாந்து வரை அதன் எல்லை. அதை 'சிறு பேரினங்கள்' என்ற மேசையில் வைப்பார். அந்த மேசையில் மொத்தமே மூன்று தொட்டிகள் இருக்கும். வருடா வருடம் முதல் பரிசு. வாண்டா மேசையில் தட்டு அகலக் கலப்பினங்களுக்கு நடுவே அதை வைத்தால் கண்ணுக்கே தெரியாது.

சிரித்தேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆபீஸ்ல யாருக்காவது வேலை போயிட்டா?" என்று கேட்டாள்.

இன்னும் ஒரு விஷயம் சேர்ந்தது. என் சம்பவத்துக்குப் பிறகு ஜேட்டு கண்காட்சி விதிகளில் ஒரு வரி சேர்த்து, தன் கைப்பட எழுதி, லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்: 'இன்று ஏற்கப்பட்டுள்ள பெயர் மட்டுமே செல்லும். பழைய பெயரில் வரும் செடி மேசை மாற்றப்படும்.' என்னால் உண்டான சட்டம். அதை வைத்தே அவரை மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

எட்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் லிஃப்டில் பார்ப்பார். "ஷுபோ ஷொகால்! செடியெல்லாம் சுகமா?" என்பார், எல்லோரிடமும் அப்படித்தான் கேட்பார். "ரொம்ப சுகம் ஜேட்டு," என்று பல் தெரியச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பைக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தேன். எனக்கே பயமாக இருந்தது. ஆட்சேபணைக் கடிதத்தைப் பதினோரு முறை திருத்தி எழுதினேன். கம்பெனிக் கையேட்டுக்கு இவ்வளவு பாடுபட்டிருந்தால் என் மேலதிகாரி அழுதிருப்பார்.

இந்த வருடம் பொய்லா பொய்ஷாக் வந்தது. எங்கள் வீட்டிலும் வருடப்பிறப்புச் சமையல். மனைவி வேப்பம்பூப் பச்சடியை என் இலையில் வைத்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா வயசான மனுசன்கிட்ட வம்புக்குப் போகாதிய."

"வம்பு இல்ல. விதி. அவரு எழுதுன விதி."

"பச்சடிய தின்னுங்க. ஒங்களுக்கு இன்னும் கொஞ்சம் கசப்பு வேணும் போல."

என் செடியை நான் கொண்டுபோகவில்லை. மறுபடி கடலைக்குப் பக்கத்தில் நிற்க அதற்குத் தலையெழுத்தா? அது பால்கனியில் பதினான்கு பூவோடு நின்றது. நான் மூன்று பக்க ஆட்சேபணைக் கடிதம் வைத்த ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஹாலில் ஒலிபெருக்கியில் புத்தாண்டுப் பாட்டு. புதுப் புடவைகள், கஞ்சி போட்ட பஞ்சாபி ஜிப்பாக்கள். ஜேட்டு 'சிறு பேரினங்கள்' மேசையருகே வந்ததும் முன்னால் போய் நின்றேன். அவர் கையில் மைக் இருக்கும் தருணமாகப் பார்த்துத்தான்.

"ஜேட்டு, ஒரு ஆட்சேபணை."

"சொல்லுங்க மொஷாய்."

"இந்த ஆஸ்கோசென்ட்ரம், ஆஸ்கோசென்ட்ரம் இல்ல."

"பின்ன?"

"வாண்டா."

மைக்கில் எல்லாம் விழுந்தது. பாட்டை யாரோ குறைத்தார்கள். ஃபைலை நீட்டினேன். அவர் நின்ற இடத்திலேயே, மூன்று பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார்.

"ஆனா பூவுக்குப் பின்னாடி வால் மாதிரி இருக்கே, இவ்வளவு நீளமா?"

"மரபணுவை வச்சுப் பார்த்தா வாண்டாவுக்கு உள்ளதான் வருதாம். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு."

"பத்து வருஷத்துக்கு மேல," என்றார் மெதுவாக. "நான் ரிட்டயர் ஆனப்புறம்."

இதோ, இதோ என்று காத்திருந்தேன். அவர் தன் பெயர்ச்சீட்டை உருவினார். அழிப்பானால் துடைத்தார். பென்சிலால் 'வாண்டா ஆம்புல்லேசியா' என்று எழுதினார். மைக்கில், "விதிப்படி இந்தச் செடி மேசை மாறுது. கண்டுபிடிச்சவர் ரெண்டாம் கோபுரத்து தமிழ் பாபு. எல்லாரும் கை தட்டுங்க," என்றார். தட்டினார்கள். தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வாண்டா மேசையின் ஓரத்தில் வைத்தார். தன் செடி போட்டியில் இருக்கிற மேசை என்பதால் தீர்ப்பிலிருந்து விலகி நின்றார். நீலக் கலப்பினம் ஒன்று முதல் பரிசு வாங்கியது. அவருக்கு எதுவும் இல்லை. அதற்கும் கை தட்டினார்.

அவர் முகத்தில் அவமானம் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடினேன். நெற்றி, கண், உதடு, எங்கேயும் இல்லை. ஒரு வருட உழைப்பு. கண்ணாடி எண் கூடியிருக்கிறது. இவர் சந்தேஷ் தின்றுகொண்டிருக்கிறார். சரி, காரணம் புரியவில்லை போலிருக்கிறது, எதற்கு எது என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று பக்கத்தில் போனேன்.

"ஜேட்டு, போன வருஷம் நீங்க என் செடிக்குச் செஞ்சது ஞாபகம் இருக்கா?"

"உங்க செடியா?"

"எல்லார் முன்னாடியும் மேசை மாத்தினீங்களே."

யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஆமா ஆமா! அந்தக் கொண்டைக்கடலை! மீசை வரைஞ்சு! நீங்கதானா? அதுக்குத்தான் முதல் பரிசு குடுத்தோமே மொஷாய்!"

சுற்றிலும் நாலு பேர் கூடிவிட்டார்கள். கொண்டைக்கடலை எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. "கீ மிஷ்டி! என்ன அழகு!" என்றாள் ஒரு அம்மாள். "சிரட்டைல வரைஞ்சது நீங்களா?" என்று இன்னொருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒருவருக்கும் என் செடியோ, பிடுங்கிய சீட்டோ, நான் நடந்த நடையோ நினைவில் இல்லை. அவமானப்பட்டவன் தன் அவமானத்துக்குத் தானே சாட்சி தேடி அலைகிற நிலைமை எனக்கு வந்தது. மஞ்சள் பூ என்றேன். தொங்கும் வேர் என்றேன். வேர் எப்படி முழங்காலில் அடித்தது என்று நடந்துகூடக் காட்டினேன். போன வருடம் சிரித்தது ஒருவரோ எண்பது பேரோ, இந்த வருடம் நிச்சயமாக நிறையப் பேர் சிரித்தார்கள்.

"டாப்ரோபேனியா!" என்று ஜேட்டு கூவினார். என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அது நீங்களா? அரே, நாற்பது வருஷம் பாடம் எடுத்தேன், உயிரோட நான் பார்த்தது அந்த ஒண்ணுதான்! அன்னிக்கே எல்லாம் முடிஞ்சதும் உங்களைத் தேடினேன், ஆளைக் காணோம். அப்புறம் யாருன்னு மறந்தே போச்சு. வயசாச்சு இல்லையா. எப்படி இருக்கு? பூத்திருக்கா? நுனியிலேருந்து ரெண்டு வேரோட ஒரு துண்டு வெட்டிக் குடுப்பீங்களா? தாய்ச்செடிக்கு ஒண்ணும் ஆகாது, கீழேருந்து துளுக்கும்."

அவர் கண்ணில் தெரிந்த ஆசையைப் பார்த்தேன். இவருக்கு வலிக்கிற இடம் எது என்று ஒரு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்தேன். அது இங்கே இருந்தது. பரிசில் இல்லை, பெயரில் இல்லை. என் பால்கனியில் இருந்தது.

"செத்துப்போச்சு ஜேட்டு," என்றேன்.

"ஐயோ. எப்போ?"

"மழையில. வேர் அழுகிடுச்சு."

அவர் கை என் தோளிலிருந்து இறங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் அந்த முகம் விழுந்தே விட்டது. நான் கேட்டது அப்படியே கிடைத்தது. வீட்டுக்குப் படியேறித்தான் போனேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வாசல் மணி அடித்தது. மகள் கதவின் துளை வழியாகப் பார்த்துவிட்டு ஓடிவந்தாள். "பாபா, ஜேட்டு. கையில தொட்டி."

எங்கள் வீட்டில் வாசலில் நின்றாலே பால்கனி தெரியும். பால்கனியில் செத்துப்போன செடி பதினான்கு பூவோடு நின்றது. மனைவி கதவைத் திறக்காமல், "வாரேன், வாரேன்" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கூடையைக் கழற்றினேன். ஒரு வேர் கொடிக்கயிற்றைப் பிடித்திருந்தது. விட மாட்டேன் என்றது. இழுத்தேன். இரண்டு பூ உதிர்ந்தது. குளியலறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். உதிர்ந்த பூக்களின் மேல் மகள் உட்கார்ந்துகொண்டாள்.

ஜேட்டு உள்ளே வந்தார். ஒரு சின்னத் தொட்டியை மேசையில் வைத்தார். தன் ரோஜா நிறச் செடியின் அடியில் முளைத்த கன்றைப் பிரித்துக் கொண்டுவந்திருந்தார். பென்சில் சீட்டு: வாண்டா ஆம்புல்லேசியா.

"செடி போனா வீடு வெறிச்சுனு இருக்கும், எனக்குத் தெரியும்," என்றார். "இதை அந்த இடத்துலயே தொங்கவிடுங்க. கிழக்கு வெயில், நல்ல இடம். பேரைத் திருத்திக் குடுத்தவர் நீங்க, உங்ககிட்ட இருக்கறதுதான் நியாயம்." பிறகு மகளிடம், "ஏன் மா தரையில உட்கார்ந்திருக்க?" என்று கேட்டார்.

"யோகா, ஜேட்டு," என்றாள்.

டீ குடித்தார். கை கழுவக் குளியலறைப் பக்கம் எழுந்தார். "அங்க தண்ணி வரலை!" என்று நாங்கள் மூன்று பேரும் மூன்று மொழியில் சொன்னோம். சமையலறையில் கழுவிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து காலை நடையில் எங்கள் பால்கனிக்குக் கீழே நின்று, தலையை நிமிர்த்தி, "கேமோன் ஆச்சே?" என்று தன் செடியை விசாரிப்பார். நான் கட்டை விரலைக் காட்டுவேன். அதற்கு முன்னால் அவர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்தவரில்லை. எங்களுக்கு இருப்பது ஒரே பால்கனி. படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே மூன்றாம் கோபுரத்துச் சுவர். ஆகவே தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இயற்கையாக வளரும் அந்தச் செடி, என் குளியலறையில் கீசருக்குக் கீழே வளர வேண்டியதாயிற்று. வளரவில்லை. மொட்டுகள் கருகின. அடி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின. வேர் நுனியில் பச்சை போய்விட்டது.

"போய்ச் சொல்லிருங்க," என்றாள் மனைவி. "பொய் சொன்னேன், மன்னிச்சுக்கிடுங்கன்னு ஒரு வார்த்தை. அவரு சிரிச்சிட்டு விட்டுருவாரு."

"அதுதான் பிரச்சினை. அவரு சிரிப்பாரு."

"அப்ப சாவட்டும்னு விட்டுருதியளா?"

சாகட்டும் என்று விட மனம் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த ஒரே வழி கன்னியாகுமரி வண்டி. மே மாதம் அக்கா வீட்டுக்கு மனைவி போகவேண்டியிருந்தது. செடியை ஈரச் சாக்கில் சுற்றி, அதே மாதிரி ஒரு வாளியில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, ஜேட்டு நடைக்கு வருவதற்கு முன்பாகவே வாடகைக் காரில் ஏற்றினோம். காரில் வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். ஹவுரா பாலத்தில் துண்டை விலக்கி ஆற்றைக் காட்டினேன். அதற்குக் காட்டினேனா, எனக்கா என்று தெரியவில்லை.

பிளாட்பாரத்தில் கூட்டம். மனைவி கீழ் பெர்த்தில் வாளியை வைத்து, விழாதபடி பையை அண்டை கொடுத்தாள். ஜன்னல் கம்பி வழியாக என்னைப் பார்த்தாள்.

"எல்லாரும் எதிராளிய ஊரை விட்டு வெரட்டுவாங்க. நீங்க நம்ம செடிய வெரட்டுதிய."

வண்டி நகர்ந்துவிட்டது. கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன், பிறகு நின்றேன்.

வீடு திரும்பும்போது ஜேட்டு கீழே நின்றிருந்தார். வெயில் ஏறுகிறது, இன்னும் தண்ணீர் ஊற்றவில்லையா என்று கேட்டார். ஊற்றப்போகிறேன் என்றேன். மேலே போய் ஊற்றினேன். அவர் கொடுத்த கன்று புது வேர் ஒன்று விட்டிருந்தது, நல்ல தடிமனாக. கீழேயிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. கூப்பிட்டுச் சொல்லவில்லை.